நிமோனியா எங்கிருந்து வருகிறது?

மார்கழிப் பனியில் தலையில் துணியில்லாமல் சென்றதால் நிமோனியா வந்துவிட்டது என்றும், ஐப்பசி மழையில் நனைந்து ஈரத்தோடு படுத்ததால் மார்ச்சளி கட்டிக்கொண்டது என்றும் நம் வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். பெரியவர்களின் இக்கூற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் நோயின் காரணம் அதுவன்று. பனிக்கும் மழைக்கும் நுரையீரலைத் தாமாகவே கெடுக்கும் ஆற்றல் இல்லை. அப்படியானால் இந்நோய் எங்கிருந்து வருகிறது? ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு எவ்வாறு செல்கிறது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நிமோனியா என்பது ஒரு கிருமியின் பெயரன்று. நுரையீரலில் ஏற்படும் ஒருவகை அழற்சியின் பெயர். நம் மூச்சுக்குழல் மார்புக்குள் இரண்டாகப் பிரிந்து, பின் கிளை கிளையாகப் பிரிந்துகொண்டே சென்று, தலைகீழாக நிறுத்திய மரத்தைப் போலப் பரவுகிறது. அம்மரத்தின் நுனிகளில் இலைகளுக்குப் பதிலாக மிக நுண்ணிய காற்றறைகள் உள்ளன. இவற்றின் எண்ணிக்கை 30 கோடிக்கும் மேல். எல்லாவற்றையும் விரித்துப் பரப்ப முடிந்தால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் வரும். நம் வகுப்பறை ஒன்றின் தரையையே மூடிவிடலாம். இக்காற்றறைகளின் மெல்லிய சுவர் வழியாகத்தான் உயிர்வளி இரத்தத்தில் கலக்கிறது. கிருமி அங்கே குடியேறியதும், அதனை எதிர்க்க வெள்ளணுக்களும் நீரும் இரத்தத்திலிருந்து வந்து அறைகளை நிரப்பிவிடுகின்றன. காற்று இருக்க வேண்டிய இடத்தில் சீழ்நீர் நிற்கிறது. இந்நோயால் இறந்தவரின் நுரையீரலை அறுத்துப் பார்த்த பழைய மருத்துவர்கள், அது கல்லீரலைப் போல் கெட்டிப்பட்டிருந்ததாக எழுதினர். தமிழில் ‘நுரையீரல்’ என்ற பெயர் எவ்வளவு பொருத்தமானது பாருங்கள்! நிமோனியாவில் நுரை போய் ஈரல் மட்டுமே எஞ்சுகிறது.

மருத்துவர்கள் இந்நோயை அது பிடித்த இடத்தை வைத்தும் பிரிப்பர். மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரம் கடந்தபின் தோன்றினால் அது மருத்துவமனையில் பெற்ற நிமோனியா. வீட்டிலும் தெருவிலும் பேருந்திலும் கல்லூரியிலும் நடமாடும்போது பிடிப்பது சமூகத்தில் பெறும் நிமோனியா. இரண்டிலும் கிருமிகள் வேறு, மருந்துகளும் பெரும்பாலும் வேறு. நாம் இங்கே காணப்போவது இரண்டாவதை மட்டுமே. இதுவே பெருந்தொகையினரைத் தாக்குவது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 7,40,000 பேர் நிமோனியாவால் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவ்வயதில் இறந்த குழந்தைகளில் நூற்றுக்குப் பதினான்கு பேர் இந்நோய்க்கு இரையானவர்கள்.

உமிழ்நீரில் கிடைத்த கிருமி

சமூகத்தில் பெறும் நிமோனியாவுக்கு மிக முக்கியமான காரணி நியூமோகாக்கஸ் என்னும் பாக்டீரியா ஆகும். இது கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு சுவையானது. இக்கட்டுரையில் நான் சொல்ல வந்த செய்தியும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

பிரான்சில் லூயி பாஸ்டர் வெறிநாய்க்கடி நோயை ஆராய்ந்துகொண்டிருந்த காலம் அது. அந்நோயால் இறந்த ஒரு குழந்தையின் உமிழ்நீரை அவர் முயல்களுக்குச் செலுத்தினார். முயல்கள் விரைவில் இறந்தன. அவற்றின் இரத்தத்தில் இரண்டிரண்டாக இணைந்த சிறு கிருமிகள் காணப்பட்டன. ஏறத்தாழ அதே சமயத்தில், அமெரிக்க இராணுவ மருத்துவரான ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க் மலேரியா பற்றிய ஆராய்ச்சியின்போது உமிழ்நீரை முயல்களுக்குச் செலுத்திப் பார்த்தார். அது நோயாளியின் உமிழ்நீர் அன்று. அவருடைய சொந்த உமிழ்நீர்! அவர் நல்ல உடல்நலத்தோடு இருந்தார், முயல்களோ இறந்தன. அவற்றின் இரத்தத்திலும் அதே இரட்டைக் கிருமி. இருவரும் 1881-ஆம் ஆண்டில் தத்தம் முடிவுகளைத் தனித்தனியே வெளியிட்டனர். இக்கிருமிக்கும் நிமோனியாவுக்கும் உள்ள தொடர்பு அப்போது இருவருக்கும் தெரியாது. சில ஆண்டுகள் கழித்து ஜெர்மனியில் ஆல்பெர்ட் ஃப்ராங்கெல் முதலியோர் அதை நிலைநாட்டினர்.

நன்றாக நடமாடும் ஒரு மனிதரின் வாயிலேயே கொடிய நோயின் கிருமி குடியிருந்தது என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். நோய்க்கிருமி என்றால் அது நோயாளியிடம் மட்டுமே இருக்கும் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். நியூமோகாக்கஸ் அப்படிப்பட்டதன்று. மூக்கின் பின்புறமும் தொண்டையும்தான் அதன் இயல்பான வீடு. அங்கே வாரக்கணக்கில் ஒரு தொந்தரவும் இன்றி இருந்துவிட்டுத் தானாகவே நீங்கிப்போவதும் உண்டு. பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களிடம் இருக்கும் இக்கிருமி, சிறு குழந்தைகளிடம் மிகுதியாக இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பச்சிளங்குழந்தைகளிடம் நடத்திய ஆய்வுகளில், ஆறு மாதம் நிறைவதற்குள்ளேயே பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளின் மூக்குத் தொண்டையில் இது குடியேறியிருந்ததைக் கண்டனர். அக்குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே இருந்தனர்.

இக்கிருமியைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளால் ஆன வழுவழுப்பான உறை ஒன்று உண்டு. நம் வெள்ளணுக்கள் விழுங்க முடியாமல் நழுவச் செய்வது அவ்வுறையே. உறையின் அமைப்பைக் கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளைப் பிரித்துள்ளனர். ஒரு வகையை வென்ற உடலுக்கு மற்றொரு வகை புதியதாகவே தோன்றும். (உறையுள்ள வகையையும் உறையற்ற வகையையும் வைத்து 1928-இல் கிரிஃபித் செய்த சோதனையும், அதைத் தொடர்ந்து 1944-இல் ஏவரி குழுவினர் மரபுப்பண்பைக் கொண்டு செல்வது டி.என்.ஏ. என்று காட்டியதும் உயிரியல் மாணவர்கள் அறிந்ததே. மனித குலத்தை இவ்வளவு வதைத்த கிருமி, அறிவியலுக்கு இப்படியோர் உதவியும் செய்திருக்கிறது!)

வாயிற்காவலர் அயர்ந்தால்

கிருமி தொண்டையில் இருப்பது நோயன்று. அது நுரையீரலுக்குள் இறங்கி நிலைப்பதே நோய். இறங்கும் வழி மிக எளிது. நாம் உறங்கும்போது தொண்டை நீரில் ஒரு சிறு துளி மூச்சுக்குழலுக்குள் கசிகிறது. நல்ல உடல்நலமுள்ளவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இவ்வாறு நிகழ்வதாகக் கண்டறிந்துள்ளனர். ஆயினும் எல்லோருக்கும் நிமோனியா வருவதில்லை. காரணம், வழி நெடுகக் காவல் இருக்கிறது. மூச்சுக்குழலின் உட்சுவரில் சளிப்படலம் பசைபோல் பரவி, வரும் தூசியையும் கிருமியையும் பிடித்துக்கொள்கிறது. அதன்கீழ் கோடிக்கணக்கான நுண்மயிர்கள், காற்றில் அசையும் நெற்பயிர்போல் ஒரே திசையில் அசைந்து, அச்சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. மிஞ்சியதை இருமல் வெளியேற்றுகிறது. அதையும் தப்பிக் காற்றறைக்குள் சென்ற கிருமியை அங்கே காத்திருக்கும் விழுங்கணுக்கள் உண்டுவிடுகின்றன.

இந்தக் காவலைக் குலைப்பவை எவை என்று கேட்டால், அவை பெரும்பாலும் நம் அன்றாட வாழ்வில் உள்ளவையே. முதலாவது, சாதாரண சளிக்காய்ச்சலும் இன்ஃப்ளுயென்சாவும். இவ்வைரசுகள் நுண்மயிர்கள் உள்ள சுவரையே உரித்துவிடுகின்றன. காவலர் வீழ்ந்ததும் தொண்டையில் காத்திருந்த பாக்டீரியா உள்ளே இறங்குகிறது. 1918-ஆம் ஆண்டின் பெருங்கொள்ளை நோயில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடுகின்றனர். அக்கொள்ளை நோயில் உலகெங்கும் இறந்தவர்களில் மிகப் பலரை இறுதியாகக் கொன்றது இன்ஃப்ளுயென்சா வைரசன்று, அதன்பின் வந்த பாக்டீரிய நிமோனியாவே என்பது, பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த நுரையீரல் திசுக்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது தெளிவாயிற்று.

இரண்டாவது, புகை. பீடியும் சிகரெட்டும் நுண்மயிர்களை முடக்கிவிடுகின்றன என்பது பலரும் அறிந்தது. ஆனால் விறகும் வறட்டியும் எரியும் அடுப்படியில் தாயின் இடுப்பில் இருக்கும் குழந்தையும் அதே புகையைத்தான் சுவாசிக்கிறது என்பதை நாம் எண்ணிப்பார்ப்பதில்லை. இத்தகைய புகை நிறைந்த வீடுகளில் குழந்தைகளுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது. மதுவில் மூழ்கியவருக்கு இருமும் உணர்வே மங்கிவிடுகிறது. முதுமை, நீரிழிவு, சத்துக்குறைவு, இதய நோய், பக்கவாதத்தால் விழுங்குவதில் ஏற்படும் தடுமாற்றம் ஆகியவையும் இப்பட்டியலில் சேர்பவை. தாய்ப்பால் குறைந்த குழந்தையையும் சேர்க்கவேண்டும்.

இவ்விடத்தில் நம்மூர் வழக்கம் ஒன்றைக் குறிப்பிடாமல் செல்ல இயலாது. குழந்தையைக் குளிப்பாட்டும்போது சளி எடுப்பதாகச் சொல்லி மூக்கில் எண்ணெய் விடுவதும், வாயால் ஊதுவதும், மடியில் கிடத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலையோ மருந்தையோ புகட்டுவதும் இன்னும் பல வீடுகளில் உண்டு. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் சென்று தங்கினால் அதுவே ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் காணப்பட்ட இந்த எண்ணெய் நிமோனியாவைப் பற்றி 1973-ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வெளிவந்துள்ளது. அன்போடு செய்வதுதான், ஆனால் நுரையீரலுக்கு அன்பு தெரியாது.

இனிப் பனிக்கு வருவோம். குளிர்ந்த மாதங்களில் நிமோனியா கூடுவது உண்மையே. அதற்குக் காரணம், அப்பருவத்தில் சளிக்காய்ச்சல் வைரசுகள் பரவுவதும், நாம் கதவு சன்னல்களை அடைத்துக்கொண்டு ஒருவரையொருவர் நெருங்கி இருப்பதும்தான். சென்னையில் இன்ஃப்ளுயென்சா வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஏறுகிறது. மழையில் நனைந்தவனுக்கு நோய் வந்ததைக் கண்ட பாட்டி கண்டது பொய்யன்று. அவன் நனைந்தபின் எங்கே ஒதுங்கினான், அங்கே எத்தனை பேர் இருமிக்கொண்டிருந்தனர் என்பது அவள் கண்ணில் படவில்லை, அவ்வளவே.

குளிர் இல்லாத ஊரில்

குளிர்தான் காரணம் என்றால் வெப்பநாடுகளில் இந்நோய் இருக்கக் கூடாதல்லவா? பனாமாவைப் பார்ப்போம். அது ஏறத்தாழ நம் திருநெல்வேலியின் அட்சரேகையில் உள்ள நாடு. ஆண்டு முழுவதும் வெக்கை. 1904-ஆம் ஆண்டில் அமெரிக்கர்கள் அங்கே கால்வாய் வெட்டும் பணியை ஏற்றனர். சுகாதாரப் பொறுப்பை ஏற்ற வில்லியம் கோர்காஸ் கொசுவை ஒழித்து மஞ்சள் காய்ச்சலை விரட்டியது உலகப் புகழ் பெற்ற வரலாறு. ஆனால் மஞ்சள் காய்ச்சல் ஓய்ந்தபோது வேறொரு நோய் தலைதூக்கியது. பார்படோஸ் முதலிய மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து மண் வெட்ட வந்த கறுப்பினத் தொழிலாளர்கள் நிமோனியாவால் கூட்டம் கூட்டமாக மடிந்தனர். 1906-ஆம் ஆண்டில் அவர்களை மிகுதியாகக் கொன்ற நோய் இதுவே.

மழையில் நனைந்த உடையோடு உறங்குகிறார்கள் என்றனர் சிலர். அவர்களுடைய இனத்துக்கே நுரையீரல் வலு இல்லை என்றனர் வேறு சிலர். நோய்க்கு நோயாளியையே குற்றவாளியாக்கும் இப்பழக்கம் எந்நாட்டுக்கும் புதிதன்று. அத்தொழிலாளர்கள் உறங்கிய இடமோ, அடுக்கடுக்காகக் கட்டில்கள் தொங்கிய நீண்ட கொட்டகைகள். பின்னர் அவர்கள் தம் மனைவி மக்களை வரவழைத்து, கால்வாய் நெடுகத் தனித்தனிக் குடில்கள் போட்டு வாழத் தொடங்கினர். நிமோனியா வேகமாகக் குறைந்தது. கொட்டகையின் நெருக்கடி தளர்ந்ததே இதற்குக் காரணம் என்று கோர்காஸ் கருதினார். நாளடைவில் அவர்கள் உடலில் எதிர்ப்பாற்றல் வளர்ந்ததும் ஒரு காரணமாகலாம் என்று சொல்வோரும் உண்டு. இரண்டுக்கும் பங்கு இருந்திருக்கும் என்பதே என் எண்ணம். ஏனெனில் அங்கே மிகுதியாக இறந்தவர்கள் புதிதாக வந்தவர்களே.

இப்புகழைக் கேட்டு, தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் பகுதித் தங்கச் சுரங்க முதலாளிகள் 1913-ஆம் ஆண்டின் இறுதியில் கோர்காசை அழைத்தனர். அங்கே மொசாம்பிக், நியாசாலாந்து முதலிய வெப்பப் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் நிமோனியாவால் இறந்த வேகம் கண்டு, அவ்வாண்டில் அரசு 22-ஆம் தென் அட்சரேகைக்கு வடக்கேயிருந்து ஆள் சேர்ப்பதையே தடை செய்திருந்தது. சூடான சுரங்கத்திலிருந்து குளிர்காற்றுக்குத் திடீரென வருவதால் நோய் பிடிக்கிறது என்ற எண்ணமே அங்கும் நிலவியது. அதற்கு இரண்டாண்டுகள் முன்பு, 1911-இல், ஆல்ம்ரோத் ரைட் என்ற புகழ் பெற்ற ஆங்கில மருத்துவர் வந்து பல்லாயிரவர்க்குத் தடுப்பூசி போட்டிருந்தார். பெரும் பலன் கிட்டவில்லை. கிருமியில் பல வகைகள் உண்டென்பது அப்போது தெளிவாகியிருக்கவில்லை. ஸ்பென்சர் லிஸ்டர் அங்கேயே பணியாற்றி அவ்வகைகளைப் பிரித்தறிந்தது அதற்குப் பின்புதான்.

கோர்காஸ் பார்த்தார். ஓர் அறையில் பல பத்துப் பேர் உறங்கும் அடைப்புகளைக் கண்டார். அவர் சொன்ன முதன்மையான ஆலோசனை மருந்தைப் பற்றியதன்று, வீட்டைப் பற்றியது: ஆளுக்கு உறங்கும் இடத்தைக் கூட்டுங்கள், முடிந்தால் குடும்பத்தோடு தனிக்குடிலில் வாழவிடுங்கள். சிதறிக் கிடந்த சிற்றூர்களில் சில வகைக் கிருமிகளை மட்டுமே சந்தித்திருந்த இளைஞனை, எல்லா ஊர்க் கிருமிகளும் ஒன்றுகூடும் ஓர் அறையில் கொண்டுவந்து அடைத்தால் வேறென்ன நிகழும்? ஆயினும் குடும்பக் குடில் என்ற ஆலோசனை பெருமளவில் நிறைவேறவில்லை. வீடு கட்டுவதைவிட ஊசி மலிவு. அறுபது ஆண்டுகள் கழித்து, 1970-களிலும், இராபர்ட் ஆஸ்ட்ரியன் என்ற அமெரிக்க அறிஞர் புதிய நியூமோகாக்கஸ் தடுப்பூசியைச் சோதிக்க நிமோனியா மலிந்த இடம் தேடியபோது, அதே சுரங்கங்களுக்குப் புதிதாக வந்த தொழிலாளர்களிடம்தான் போக வேண்டியிருந்தது. அவ்வூசி நன்றாகவே பலித்து, 1977-இல் அமெரிக்காவில் உரிமம் பெற்றது. இன்று உலகெங்கும் முதியவர்களைக் காக்கும் ஊசிகளின் முன்னோடி அது. அச்சுரங்கத் தொழிலாளருக்கு நாம் பட்ட கடன் பெரிது.

பேரனிடமிருந்து பாட்டிக்கு

கொட்டகையில் நடந்தது வீட்டிலும் சிறிய அளவில் நடக்கிறது. கிருமி செல்லும் வழி இருமலிலும் தும்மலிலும் தெறிக்கும் துளிகளும், மூக்குச்சளி பட்ட கைகளும்தான். மிக நெருங்கிப் பழகினாலொழிய இது எளிதில் ஒட்டுவதில்லை. ஆதலால் பேருந்தில் ஒரு நாழிகை உடன் பயணம் செய்தவரைவிட, ஒரே பாயில் உறங்குபவரே முக்கியமானவர். இன்னும் வியப்பானது, நிமோனியாவில் படுத்த நோயாளியைவிட நலமாக ஓடியாடும் மூக்கொழுகும் குழந்தையே இக்கிருமியைப் பெரிதும் பரப்புகிறது என்பதாகும். சளி பிடித்த காலத்தில் அதன் மூக்கில் கிருமி பெருகி, ஒழுகும் சளியோடு வெளியே வருகிறது. அதைத் தூக்கிக் கொஞ்சுவது யார்? பாட்டியும் தாத்தாவும். அவர்களுக்கோ காவல் தளர்ந்த வயது. நியூமோகாக்கஸ் நிமோனியாவில் விழுந்தவரைக் கண்டு அஞ்சி அக்கம்பக்கத்தார் விலகி ஓடுவதில் பொருளில்லை. இன்ஃப்ளுயென்சா, கோவிட், காசநோய் ஆகியவற்றில் நிலைமை வேறு.

இவ்வழி உண்மைதான் என்பதற்குத் தடுப்பூசியே சான்று. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், அமெரிக்காவின் சூ ஃபால்ஸ் என்ற ஊரின் விமானப்படைப் பயிற்சிப் பள்ளியில் சுமார் 17,000 வீரர்களில் பாதிப்பேருக்கு மட்டும் ஊசி போட்டனர். ஊசி போடாத மறுபாதியிலும் அவ்வகை நிமோனியா குறைந்தது. கிருமியைச் சுமந்து திரிந்தோர் தொகை குறைந்ததே காரணம். அதேபோல் அமெரிக்கா 2000-ஆம் ஆண்டில் குழந்தைகளுக்கு நியூமோகாக்கஸ் இணைவுத் தடுப்பூசியைத் தொடங்கியபின், ஊசியே போடாத முதியவர்களிடமும் அவ்வூசியில் அடங்கிய வகைகளால் வரும் கடும் நோய் குறைந்தது. இந்தியாவில் இவ்வூசி அரசுத் திட்டத்தில் 2017-இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021-இல் நாடெங்கும் விரிந்தது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று முறை இலவசமாகப் போடப்படுகிறது. ஹீமோஃபிலஸ் பி என்ற மற்றொரு கிருமிக்கான ஊசி, ஐந்து நோய்களுக்கான கூட்டூசியாக, 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கப்பட்டது என்பது நமக்குப் பெருமை தருவது.

விடுதி, குளிரூட்டி, கிளிக்கூண்டு

நியூமோகாக்கஸ் தவிர வேறு பலவும் உண்டு. விடுதி மாணவர்கள் அறிய வேண்டியது மைக்கோபிளாஸ்மா. வறட்டு இருமல் வாரக்கணக்கில் நீடிக்கும். லேசான காய்ச்சல், தலைவலி இருக்கும். மாணவர் வகுப்புக்கும் வந்துகொண்டிருப்பார், எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரலில் நிழல் தெரியும். தொற்றிய பின் வெளிப்பட இரண்டு மூன்று வாரங்கள் ஆவதால், ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நிதானமாக நகர்ந்து ஒரு பருவம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். இக்கிருமிக்குச் செல்சுவரே கிடையாது; செல்சுவரைத் தாக்கும் பெனிசிலின் இதனிடம் தோற்பது அதனால்தான். அறைத்தோழன் சாப்பிட்டு மீந்த மாத்திரையை வாங்கி விழுங்குவதால் பயனில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவாத நிமோனியாவும் இருக்கிறது. 1976 ஜூலையில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஒரு விடுதியில் முன்னாள் படைவீரர் மாநாடு நடந்தது. கலைந்து சென்றவர்களில் பலர் சில நாட்களுக்குள் காய்ச்சலிலும் நிமோனியாவிலும் விழுந்தனர். முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆறு மாதத் தேடலுக்குப் பின் 1977 ஜனவரியில் லீஜியோனெல்லா என்ற புதிய பாக்டீரியா பிடிபட்டது. பெரிய கட்டடங்களின் குளிரூட்டும் கோபுரங்களிலும், பராமரிப்பற்ற வெந்நீர்க் குழாய்களிலும் வளர்ந்து, நீர்த்திவலையோடு காற்றில் கலந்து நுரையீரலை அடைவது இதன் இயல்பு. கிளி, புறா முதலிய பறவைகளின் காய்ந்த எச்சத்தூசியிலிருந்து வரும் கிளிக்காய்ச்சல் இன்னொன்று.

வைரசுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2019 டிசம்பரில் சீனாவின் வூஹான் நகரில் காரணம் தெரியாத சில நிமோனியா நோயாளிகளாகத் தொடங்கியது என்னவாயிற்று என்பதை நாம் அனைவரும் வாழ்ந்து அறிந்தோம். காசநோயையும் மறந்துவிடலாகாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்வது நம் நாட்டில் இன்றியமையாதது.

மூச்சை எண்ணுதல்

சல்ஃபா மருந்துகள் 1930-களின் இறுதியிலும், பெனிசிலின் 1940-களிலும் வருவதற்கு முன், நிமோனியா கண்டவரின் தலைமாட்டில் குடும்பமே காத்திருக்கும். ஏறத்தாழ ஏழாம் நாளை ஒட்டி, ஒன்று வேர்த்துக் காய்ச்சல் இறங்கும். அல்லது உயிர் பிரியும். இன்று அந்த ஏழு நாள் கெடு இல்லை. நேரத்தோடு தொடங்கினால் மலிவான மருந்துகளே பெரும்பாலானவர்களைக் காப்பாற்றுகின்றன. ஆகவே இன்று இறப்போரில் பலர் மருந்தில்லாமல் இறப்பதைவிடக் காலந்தாழ்ந்து வந்ததால் இறக்கின்றனர் எனலாம்.

சாதாரணச் சளியையும் நிமோனியாவையும் வீட்டிலேயே பிரித்தறிய வழி உண்டா? உண்டு. பாப்புவா நியூகினியில் பணியாற்றிய ஃப்ராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவர், எக்ஸ்ரேயோ ஆய்வுக்கூடமோ இல்லாத மலைநாட்டில், குழந்தை நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணுவதே சிறந்த அறிகுறி என்பதை 1980-களில் காட்டினார். அதையொட்டி உலக சுகாதார நிறுவனம் அளவுகளை வகுத்தது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டாலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 முறையோ அதற்கு மேலோ விட்டாலும், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 முறையோ அதற்கு மேலோ விட்டாலும் அது விரைந்த மூச்சு. அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும். மூச்சை உள்ளிழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி குழிவிழுந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, எழுப்பியும் எழாமல் சோர்ந்து கிடந்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

முதியவர்களிடம் நோய் வேறு வேடம் போடும். காய்ச்சலும் இருமலும் இல்லாமலே வரக்கூடும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பிதற்றுகிறார், சாப்பாடு வேண்டாமென்கிறார், எழுந்து நடக்கையில் விழுகிறார். ‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிடாமல் அவருடைய மூச்சையும் ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். படுத்திருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 30 முறை மூச்சு விடுவாரானால் அது கடுமையான நிலையின் அடையாளம்.

எண்ணும் முறையில் ஒரு சொல். குழந்தை அழும்போதோ பால் குடிக்கும்போதோ எண்ணினால் கணக்கு தவறும். அமைதியாக இருக்கையில் அல்லது உறங்குகையில், சட்டையை மேலே தூக்கி, வயிறு ஒருமுறை எழுந்து தாழ்வதை ஒன்று எனக் கொண்டு எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது சரிவராது; பச்சிளங்குழந்தை இடையிடையே மூச்சை நிறுத்தி நிறுத்தி விடும். கடிகாரத்தில் முழுதாக அறுபது நொடிகள் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு முதல் எண்ணிக்கை 60-ஐத் தாண்டினால் மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்த்து, அப்போதும் அப்படியே இருந்தால் புறப்பட வேண்டியதுதான்.